லத்தீன் பெயர் வைத்த ஆந்தை

திண்டிவனத்தில் என் மாமியார் வீட்டு வேப்பமரப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை குடியிருந்தது. ஆந்தை கத்தினால் வீட்டுக்கு ஆகாது, மரத்தை வெட்டியே தீரணும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். நான் விலங்கியல் வாத்தியார், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"அத்தை, அதுக்கு லத்தீன்லயே பேரு வெச்சிருக்காங்க."

லத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவர் அவர். முகம் இளகியது. "ஞானஸ்நானப் பேரா மாப்ளே? என்னா பேருங்க?"

"அத்தேனே பிரமா." முதல் பாதி கிரேக்கப் பெண் தெய்வம், அடுத்த பாதி நம்ம பிரம்மா என்று விளக்கியும் தொலைத்தேன்.

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். "ஒரு அந்தோணி, ஒரு சூசைன்னு வெச்சிருக்கக் கூடாதுங்களா?"

பேச்சை மாற்றுவதற்காக, அதற்குள்ளும் உள்வகை உண்டு என்றேன். வடக்கத்தி ஆந்தைக்கு மூன்றாவது பெயர் இந்திகா, அதாவது இந்தியாவைச் சேர்ந்தது. நம் ஊர் ஆந்தைக்கு மறுபடியும் பிரமாதான். பெயர் வைத்த வெள்ளைக்காரர்களுக்கு என்ன கேடு வந்ததோ.

மாமியார் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நம்முளுது இந்தியாவுல இல்லியா?"

வெட்டும் பேச்சு அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு ஆந்தை கத்தும்போதெல்லாம் அடுப்படியிலிருந்தே சொல்வார்: "நல்லாக் கத்து. டெல்லிக்குக் கேக்கட்டும்."