தட்டில் வேகும் முட்டை

முட்டை தளதளவென்று இருக்கும்போதே மாஸ்டர் அடுப்பை அணைத்துவிடுவார். சட்டியின் நடுவில் மரக்கரண்டியால் ஒரு கோடு இழுப்பார். கோடு சட்டென்று மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கிளற வேண்டும். மூட மனசில்லாமல் ஓரங்கள் மெல்ல நகர்ந்து வந்தால் போதும். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, முட்டையின் மேல் விளக்கு வெளிச்சம் மினுங்குகிறதா என்று பார்ப்பார். மினுக்கம் போவதற்குள் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மிச்ச வேலையை அதன் சூடே பார்த்துக்கொள்ளும்.

"சட்டியிலேயே வேகவிட்டா, தட்டுக்கு வரும்போது ரப்பராயிடும்" என்பார், கேட்காதவர்களிடமும்.

ரயில் நிலைய கேன்டீனில் அவருக்கு ரேடியோ மாஸ்டர் என்று பெயர். கரண்டி நின்றாலும் வாய் நிற்காது. டிக்கெட் பரிசோதகருக்கு மூலவியாதி என்பது கடைசி பிளாட்பாரம் வரைக்கும் தெரிந்தது இவர் புண்ணியத்தில்தான்.

மனைவி போய்ச் சேர்ந்தபிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். சலவைக்கடைக்கு மேலே இரண்டே அறை. ஜன்னலைத் திறந்தால் இஸ்திரி ஆவி உள்ளே வரும். மகளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருப்பவர் மாதிரி பேச்சே வராத ஆள். மாஸ்டருக்கு மதிய ஷிஃப்ட் என்பதால் காலையில் மூன்று பேருக்கும் ரொட்டியும் முட்டையும் அவர் பொறுப்பு.

மகள்மேல் அவருக்கு ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. தினமும் அவருடைய கேன்டீன் இருக்கும் நிலையத்தில்தான் ரயிலைவிட்டு இறங்குகிறாள். முன்பெல்லாம் கேன்டீனில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். இப்போது பின்பக்க வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். ஆபீஸ் உத்தியோகக்காரிக்கு அப்பன் ஏப்ரனோடு நிற்பது கேவலமாகிவிட்டது என்று அவரே முடிவு கட்டி வைத்திருந்தார்.

அந்தப் புண்ணில்தான் முட்டை வந்து விழுந்தது. ஒருநாள் காலை மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், முட்டையை மறுபடி சட்டியில் கொட்டி, தீயைக் கூட்டி வைத்துப் புரட்டினாள். முட்டை சுருங்கி, தண்ணீர் விட்டு, மரத்தூள் மாதிரி ஆயிற்று. அதை நின்றபடியே சாப்பிட்டாள்.

"ஏம்மா, நல்லா இல்லையா?"

"வேகலப்பா."

அந்தச் சொல் அவரைச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேகவைத்தார். அதையும் கொண்டுபோய்க் கொட்டினாள். அவர் கண் முன்னாலேயே, அவர் சட்டியில்.

"ஊரே என் கையால வாங்கித் தின்னுட்டு ரயிலேறுது. ஒருத்தன் வேகலன்னு சொன்னதில்ல."

"சொல்றதுக்குள்ள ரயில் கிளம்பியிருக்கும்" என்றாள் மகள்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தார். வெள்ளைக்கரு கண்ணாடியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்து, தட்டில் வழித்து, மகள் முன்னால் வைத்தார். அவரே வாயில் வைக்காத பதம் அது. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பிடு. சட்டிப் பக்கம் போகக் கூடாது."

மகள் தட்டையே பார்த்தாள். எழுந்து போய் முட்டையைக் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு, தட்டைக் கழுவி வைத்தாள்.

"என் சாப்பாடு குப்பையா உனக்கு? அப்பன் பிழைப்புதான் கேவலம்னு பார்த்தா, கையும் கேவலமாயிடுச்சா?"

"நான் எப்பப்பா கேவலம்னு சொன்னேன்?"

"பின்ன என்ன? வாயத் திறந்து சொல்லு."

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "மாமா, அது வந்து..."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தோடு நின்றுவிட்டது.

"என்ன மாப்ள, லிஃப்ட் பாதியில நின்னுடுச்சா?"

"அவரை விடுங்கப்பா. உங்ககிட்ட ஒண்ணு சொன்னா அது வீட்டோடயா நிக்கும்?"

"நான் யார்கிட்ட என்னத்தச் சொல்லிட்டேன்?"

மகள் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. துணிமணியைப் பையில் திணித்து, சட்டியைக் கழுவாமல்கூட அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். கேன்டீனுக்குப் பின்னால் சாமான் அறையில் ஒரு கட்டில் கிடந்தது. "இனி இதுதான் என் வீடு" என்றார். தான் செய்த முட்டையை மகள் குப்பையில் போட்ட கதையை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல ஆத்திரம் அடங்கவில்லை, கூடத்தான் செய்தது. முட்டைகளை மேடை விளிம்பில் அறைந்து உடைத்தார். ஓடு உள்ளே விழுந்தது.

வாரக்கணக்கில் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பிறகு ஒரு பிற்பகல், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், மாப்பிள்ளை வந்து நின்றார். கைகளில் கிரீஸ். முகம் சிவந்திருந்தது.

"பக்கத்து பில்டிங்ல ஒருத்தர் கேக்கறாரு, உங்க வீட்ல ஏன் முட்டையக் குப்பையில போடறீங்கன்னு. போதுமா மாமா உங்களுக்கு?"

மாப்பிள்ளை இவ்வளவு நீளமாகப் பேசி மாஸ்டர் கேட்டதில்லை. குரலை உயர்த்தாமலே விஷயத்தைப் போட்டு உடைத்தார். மகள் மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள். ஓடுகிற முட்டை வாயில் படக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை நிலைத்தபிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"என்கிட்டயா மறைக்கணும்?" என்றார் மாஸ்டர்.

"உங்ககிட்டதான்."

முதல் தடவை அவள் சொன்ன மறுநாளே, தாத்தா ஆகப்போகிறேன் என்று கேன்டீனுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டுக் கொண்டாடியவர் மாஸ்டர். அது தங்காமல் போனது அவருக்குத் தெரியும். அதை மட்டும் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதனால், அதற்குப் பிறகும் வெகுநாள்வரை, மகள் ரயிலைவிட்டு இறங்கிக் கேன்டீனைக் கடக்கும்போதெல்லாம் முன்பின் தெரியாத யாராவது டம்ளரும் கையுமாக மறித்து, குழந்தை எப்படி இருக்கிறது என்று சிரித்த முகத்தோடு கேட்டிருக்கிறார்கள். பின்பக்க வாசல் வழியாகப் போக ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.