மாத்திரைச் சாயம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் என் புகுந்த வீட்டில் எனக்கு வளைகாப்பு நடக்கவிருந்த அன்று நடந்தது இது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். கழுத்தில் நெறிகட்டியாக வந்த டிபிக்கு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு ஒட்டாத வகை என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியும், என் மாமியார் ஊரெல்லாம் 'அவளுக்குச் சத்து மாத்திரை' என்றே சொல்லி வைத்திருந்தார்.

அந்த மாத்திரை படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஓயாத குமட்டல், பாதமெல்லாம் மதமதப்பு, போதாக்குறைக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறம். மாத்திரையின் நிறம்தான், பயப்படாதே என்றார் அந்த டாக்டர். ஸ்கேன் பார்த்த டாக்டரோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, துளி ரத்தம் பட்டாலும் உடனே வர வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக்கு முதலாமவர் சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

மணையில் உட்காரும் முன் பாத்ரூம் போனேன். பாவாடையெல்லாம் சிவப்பு. வெளியே வந்து மாமியாரிடம் சொன்னேன்.

"மாத்திரையோட கலர்டி அது. போன மாசமும் இப்படித்தானே பயந்தே. வலிக்கறதா?"

"வலிக்கலை."

"அப்பறம் என்ன? நல்ல நேரம் போயிண்டிருக்கு, வந்து உக்காரு."

கணவரைக் கூப்பிட்டேன். பெரிய படிப்புப் படித்தவர். அவரும், "கலர் மாறும்னு டாக்டரே சொன்னாரேம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக அந்த ஆரஞ்சைப் பார்த்தவள் நான். இவர்கள் எனக்கு நிறம் சொல்லித் தருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் தஞ்சாவூரிலிருந்து வந்த உறவுக்கெல்லாம் டிபி விஷயம் தெரிந்துவிடுமே என்று மாமியாருக்குக் கவலை. எனக்கு வயிற்றில் பிள்ளை.

நேராகக் கூடத்துக்குப் போனேன்.

"எனக்கு டிபி. அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். இப்போ ரத்தம் போயிண்டிருக்கு, கொழந்தைக்கு ஆபத்து. யார் காரை எடுக்கறேள்?"

வளையல் அடுக்க வந்த இரண்டு பேர் மெல்லத் தள்ளி நின்றுகொண்டார்கள். அடுத்த வீட்டாரோடு வந்திருந்த, அதுவரை நான் பார்த்தே இராத ஒரு மலையாளப் பெண்மணிதான் கார் சாவியோடு எழுந்தார். "பேடிக்கண்டா மோளே" என்று தைரியம் சொல்லி, தன் காரின் பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்தார். சீட் பாழாகிவிடுமே என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கணவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது, வலியில்லாமல்தான் ரத்தம் போகும், இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் கணவரைப் பார்த்துச் சொன்னார். பிரசவம் வரை அங்கேயே படுக்கை. பார்க்க வந்த மாமியார், "அத்தனை பேர் முன்னாடி அப்படியா சொல்லுவா?" என்று கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மகள் குறைமாதத்தில் பிறந்தாள். இப்போது வீட்டையே இரண்டாக்கிக்கொண்டு ஓடுகிறாள். அன்று நல்ல மருமகளாகச் சொன்னபடி கேட்டிருந்தால் இவள் இல்லை. அதனால்தான், என் உடம்பைப் பற்றி எனக்கே ஒருவர் அடித்துச் சொல்லும்போது வருகிற எரிச்சலை நான் இப்போதெல்லாம் அடக்குவதே இல்லை.