சேம்பர் காலி என்று நான் சொன்ன நாள்

அமீரகத்தின் அல் ஐனில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் ஆயுத அறையில் பதினோரு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். உறுப்பினர்களின் ரைபிள்களைத் துடைப்பது, பழுது பார்ப்பது, பாகம் மாற்றுவது, சுட்டு முடித்ததும் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துச் சொல்வது, இவையே என் வேலை. கடைசியாகச் சொன்னதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதில் தவறினால் உயிர் போகும்.

பதினோராவது வருடம் என் வலது கண்ணில் புகை மாதிரி ஒன்று இறங்கியது. சர்க்கரை செய்த வேலை. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது, ஊசி போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். "வேலை இடத்தில் சொல்லிவிடுங்கள்" என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பார்வை போகிறவனை எந்தக் கிளப் ஆயுத அறையில் வைத்துக்கொள்ளும்? என் விசா போனால் மனைவி விசாவும் மகள் விசாவும் கூடவே போகும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. மனைவியிடம் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஊசிக்குப் போனால் இன்சூரன்ஸ் வழியாக விஷயம் கிளப்புக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரியவர் மூன்று பேரல்களோடு, அதாவது துப்பாக்கிக் குழல்களோடு, என்னிடம் வந்தார். அறுபதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். நாங்கள் எல்லோரும் அவரை பாபா என்போம். பக்கவாதம் வந்து வலது கை பலவீனமாகியிருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ள அவரால் முடியாது. அதனால் செமி ஆட்டோமேட்டிக் டார்கெட் ரைபிள் வைத்திருந்தார். விசையை அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். அதன் பழைய பேரலின் முனை தேய்ந்து, குண்டுகள் தாளில் சிதற ஆரம்பித்திருந்தன. கிளப் மூலம் வரவழைத்த மூன்று புதுப் பேரல்களில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும்.

"தும் தேக்கோ. தும்ஹாரா ஆங்க் அச்சா ஹை" என்றார். நீ பார், உன் கண் நல்ல கண் என்று அர்த்தம்.

குழலுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா ஒன்று எங்களிடம் இருந்தது. அதை விட்டுத் திரையைப் பார்த்தேன். கூர்மையாகத் தெரிய வேண்டிய சுழல் வரிகள் கஞ்சி மாதிரிக் கலங்கித் தெரிந்தன. கண்ணைக் கசக்கினேன், தண்ணீர் அடித்தேன், நாற்காலியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாபா எதிரே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பேரல் தடிமனானது. அந்தக் கைக்கு அதன் கனம் தாங்காது. மற்ற இரண்டில் ஒன்று சாதாரணமானது. இன்னொன்று போட்டிக்கென்றே செய்தது. அதில் தோட்டா உட்காரும் அறையை, அதாவது சேம்பரை, மிக இறுக்கமாகக் கடைந்திருப்பார்கள். குறி அருமையாக விழும். ஆனால் தானாகத் தோட்டா ஏற்றும் ரைபிளில், கொஞ்சம் கரி படிந்தாலே, தோட்டா அந்த இறுக்கத்தில் மாட்டிக்கொள்ளும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதையே எடுத்தேன். விலையுயர்ந்த பேரலைத் தேர்ந்தெடுத்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் கண் குறையை மறைக்க எனக்கு அது வசதியாக இருந்தது.

மறுநாள் காலை பாபா சுட்டார். முதல் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போனதுபோல விழுந்தன. குழந்தை மாதிரிச் சிரித்தார். இரண்டாவது மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், ரைபிள் நின்றுபோனது. இடது கையைத் தூக்கினார். நான் போய் மேகசினைக் கழற்றினேன். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தினேன். எதுவும் வெளியே வந்து விழவில்லை. டார்ச் அடித்து சேம்பருக்குள் பார்த்தேன். இருட்டாக ஒரு துளை தெரிந்தது.

"காலி" என்றேன்.

என்னை நம்பி அவர் ரைபிளைத் தூக்கி என்னிடம் கொடுக்கத் திரும்பினார். அந்த பலவீனமான கையில் ரைபிள் ஆடியது. அதன் முனை பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகுக்கு நேரே வந்தது.

"அண்ணே! நில்லுங்க! உள்ள கெடக்கு!"

கத்தியவன், எங்களுக்குப் பின்னால் நின்று சுடும் தளத்தைக் கண்காணித்த ரேஞ்ச் ஆபீசர், ராமநாதபுரத்துக்காரன். பாய்ந்து வந்து முனையைக் கீழே அழுத்தினான். சுடாத தோட்டா ஒன்று சேம்பரில் இறுகிக் கிடந்தது. அதன் பித்தளை விளிம்பு டார்ச் வெளிச்சத்தில் மின்னியதாம். எனக்குத் தெரியவில்லை. போல்ட் மட்டும் நழுவி முன்னால் போய்த் தோட்டாவை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. காதுகளில் கவசம் மாட்டியிருந்த அந்தப் பெண் எதையும் அறியாமல் அடுத்த குண்டைச் சுட்டாள்.

ஆயுத அறைக்கு வந்ததும் அவன் கதவைச் சாத்தினான்.

"பளபளன்னு தெரியுதுண்ணே. எப்படி உங்களுக்குத் தெரியாம போச்சு?"

"தெரியல தம்பி."

"அதான், எப்படித் தெரியாம..."

"கண்ணு தெரியலடா."

அவன் சம்பவப் பதிவேட்டை எடுத்தான். பிறகு, "நான் எழுதித்தான் ஆகணும்ணே" என்றான்.

"எழுது. அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்."

எங்கள் பொறுப்பாளர் பாகிஸ்தான்காரர். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"பாய், வாராவாரம் என் மகன் இங்கே சுடுகிறான். நீ காலி என்று சொன்னதை நம்பித்தான் நான் அவனை அனுப்புகிறேன்."

கையை நீட்டினார். சாவிக்கொத்தைக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "கண்ணாடி மாத்தணும்னுதானங்க சொன்னீங்க?" என்றாள். அதையே மூன்று தடவை கேட்டாள். மகள் பரீட்சைப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "அப்பா, யூ குட் ஹாவ் கில்ட் சம்படி" என்றாள். உனக்காகத்தான் மறைத்தேன் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பாவத்தையும் அவள் தலையில் ஏற்றியவனாகியிருப்பேன். பால்கனியில் போய் நின்றுகொண்டேன். நான் குதித்தால் இவர்களுக்கு விசா இருக்குமா என்றுகூட ஒரு கணம் கணக்குப் போட்டது மூளை. மனைவி வந்து சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, கண்ணில் ஊசி போட்ட கட்டோடு, கணக்கு முடிக்கக் கிளப்புக்குப் போனேன். பாபா அங்கே இருந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன்.

"அந்தப் பேரல் கலாஸ், முடிந்தது. வேறு எது, சொல்" என்றார்.

"எனக்குக் கண் போய்விட்டது பாபா."

"கண்ணால் பார்க்காமல் கண்டுபிடிக்க வழியே கிடையாதா?"

இருந்தது. பொறுப்பாளர் அனுமதி கொடுத்தார். ரைபிளை ராமநாதபுரத்துக்காரன் தன் கையாலேயே கழற்றினான். என்னிடம் வெறும் பேரல்களை மட்டும் தந்தார்கள். ஈயக் குண்டு ஒன்றை எண்ணெயில் தோய்த்து, கம்பியால் பேரலுக்குள் மெதுவாகத் தள்ளினேன். போட்டிக்கென்று செய்த பேரலில் குண்டு பாதி வழியில் தளர்ந்து, பிறகு இறுகியது. சாதாரணப் பேரலில் தொடக்கம் முதல் முனை வரை ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் தள்ளினேன், மறுபடியும். மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு எடுத்தும் பார்த்தோம். ஒன்றுகூட மாட்டவில்லை.

"இது" என்றேன்.

நான் கிளப்பில் செய்த கடைசி வேலை அது. பிறகு நடந்த கிளப் போட்டியில் பாபா கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தார். ரைபிள் ஒருமுறைகூட நிற்கவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் மகளின் தேர்வு முடியும்வரை பொறுப்பாளர் என் விசா ரத்துக் காகிதத்தை மேசையிலேயே வைத்திருந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வலது கண் திரும்பவில்லை. இடது கண்ணை ஊசிகள் ஓரளவு காப்பாற்றின.

இப்போது ஓமானின் சோஹாரில் ஒரு கருவிக் கிடங்கில் இருக்கிறேன். வேலைக்குச் சேரும்போதே கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மனைவியும் மகளும் திருச்சியில். போன வாரம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். இடது கண்ணின் நடுவிலும் ஒரு புள்ளி வந்திருக்கிறது, உன் முகத்தில் மூக்கு தெரியவில்லை என்று சொன்னேன்.

"எப்போலேர்ந்து?" என்றாள்.

"முந்தாநாள்."

"லீவ் போடுங்கப்பா. இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. லைன்லயே இருக்கேன்."

போனைக் கையில் பிடித்தபடியே செருப்பைத் தேடினேன்.