படிக்கட்டுதான் எங்களைச் சேர்த்து வைக்குது

அந்தக் கூட்டுக் குடியிருப்பில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. எல்லாருக்கும் அவள் சர்வே அக்கா. வேலை, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகளை நாள் முழுக்க அலசிப் போட்டுவிட்டு, நாற்றம் கையை விட்டுப் போவதற்குள் வீடு வந்தால், வாசலில் ஆராய்ச்சி மாணவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

நாலு மாடி, மாடிக்கு மூன்று வீடு. வீடு அவரவருக்கு. கீழே இருக்கும் சமையற்கட்டும் பெரிய கூடமும் எல்லாருக்கும் பொது. சமைப்பது, கழுவுவது, பெருக்குவது எல்லாம் முறை வைத்து நடக்கும். இத்தனை பேர் ஒரே அடுப்படியில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் வாழ்கிறார்கள் என்ற சங்கதி எப்படியோ வெளியே கசிய, கல்லூரிக்காரர்கள் மொய்க்கத் தொடங்கினார்கள். முதலில் எல்லாருக்கும் பெருமை பிடிபடவில்லை. பிறகு அலுத்துப்போய் ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் பாத்திரம் கழுவும் முறையிலிருந்து அவளுக்கு விடுதலை கொடுத்து, அந்தத் தலைவலியை அவள் தலையில் கட்டினார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குப் பயந்து ஒத்துக்கொண்டாள், புத்தி கெட்டவள்.

வருகிற முகம் மாறும், கேள்வி மாறாது. தனிமையாக உணர்கிறீர்களா? அண்டை வீட்டாரை எவ்வளவு நம்புகிறீர்கள்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள். கணவரோடு உறவு எப்படி என்றுகூட ஒருத்தி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் கேட்டாள்.

"சண்டைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று இவள் கேட்க, அதற்குத் தாளில் கட்டம் இல்லையே என்று அந்தப் பெண் திருதிருவென்று விழித்தது.

முதல் வருடம் வந்த ஒரு பையன், லிஃப்ட் இல்லாதது சிரமமாக இல்லையா என்று கேட்டான். அவளுக்கோ பசி, அவனைக் கிளப்பினால் போதும். "அதெல்லாம் இல்லப்பா. படிக்கட்டுதான் எங்களைச் சேர்த்து வைக்குது. ஏறி எறங்கும்போது நாலு வார்த்தை பேசிக்கிறோம்ல?" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். பையனுக்கு முகமெல்லாம் பல். உடனே எழுந்து போய்விட்டான். ஆஹா, இதல்லவா மந்திரம் என்று அன்றிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அதையே ஒப்பித்தாள். வழியில் மாட்டிக்கொண்ட மற்றவர்களும் அதையே ஒப்பித்தார்கள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். டிப்போவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து நாலாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்ததோடு சரி, மனுஷன் மறுபடி தரையை மிதிக்கவில்லை. தூக்கிவிட்ட அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு மறுநாளிலிருந்து வரிசையாக முதுகுவலி வந்துவிட்டது.

"ஊர் பூரா சுத்தினவன்டி நான்," என்பார். "இப்ப எதிர்வீட்டுக்காரன் என்னைக்குச் சட்டை மாத்துறான்னு பார்த்துக்கிட்டுக் கெடக்கேன். ஒரு தடவை வெயில்ல உட்கார வையேன்."

கட்டடம் வீட்டுவசதி அலுவலகத்துக்குச் சொந்தம். லிஃப்ட் கேட்டு அங்கே போனாள். அதிகாரி சிரித்தார்.

"என்னம்மா இது? வர்ற ஆராய்ச்சியெல்லாம் படிக்கட்டுதான் உங்க ஒற்றுமைக்குக் காரணம்னு சொல்லுது. லிஃப்டைப் போட்டு அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. இனிமேலாவது வருகிறவர்களிடம் நிஜத்தைச் சொல்லுங்கள் என்று குடியிருப்புக்காரர்களிடம் கெஞ்சினாள். "சொல்லலாம்தான் அக்கா. ஆனா நம்ம பேரு கெட்டுடுமே," என்றார் குடியிருப்புத் தலைவர். நம்பிக்கைக்கு ஐந்துக்கு ஐந்து போட்ட கும்பல் அது. தூ!

அடுத்த கூட்டம் வந்தபோது நாலு பேர் இருந்தார்கள், நல்ல வாட்டசாட்டமாக. "கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல மேல வாங்க," என்று கூட்டிப்போய், புருஷனை நாற்காலியோடு தூக்கச் சொன்னாள். மூச்சிரைக்க இறக்கி முற்றத்தில் வைத்தார்கள். வெயில் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து நாலு பேரில் ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள். "எவ்ளோ அழகான பரஸ்பர உதவி! லிஃப்ட் இருந்திருந்தா இந்த அன்பு வெளிய வந்திருக்குமா, ஆன்ட்டி?"

படித்த பிள்ளைகள், கண் இரண்டும் நன்றாகத்தான் தெரிகிறது. கேள்விகளை முடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாலும் பையை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டின. மேலே ஏற்றிவிட வேண்டுமே என்று ஒன்றுக்கும் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தில் கதவு தட்டினாள். முதுகுவலி, முதுகுவலி, ஆள் வெளியே போயிருக்கிறார்.

"விடு," என்றார் புருஷன். "நான் மேல வரல. கூடம் எல்லாருக்கும் பொதுதானே? அங்கயே படுத்துக்கறேன்."

அவள் ஒருத்தியாக மெத்தையையும் மருந்தையும் மூத்திரச் சட்டியையும் நாலு மாடி இறக்கினாள். மாணவர்களை உட்காரவைக்கும் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கே படுக்கையை விரித்தாள்.

தலைவர் ஓடி வந்தார். "அக்கா, நாளைக்கு வேற கல்லூரிலேர்ந்து வர்றாங்க. மாமா இப்படிச் சட்டியும் கையுமா கெடந்தா பார்க்க ஒரு மாதிரியா இருக்காது?"

"இருக்கும். பார்க்கட்டும்."

மறுநாள் வந்த மாணவி வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். பின்னாலேயே வந்த தலைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வழக்கமான கேள்வியை ஆரம்பித்தாள். "பொது இடங்களை நீங்க எவ்வளவு பயன்படுத்துறீங்க, அங்கிள்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?"

"அஞ்சு போட்டுக்கம்மா," என்றார் அவர். "மூத்திரம்கூட இங்கதான் பெய்யறேன்."

சர்வே அக்கா நிறைந்திருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தலைவர் அவசரமாக விலகினார். அவள் நகரவில்லை.

"படிக்கட்டைப் பத்தியும் அந்தப் பொண்ணு கேக்கும். இன்னைக்கு நீங்க சொல்லுங்க தலைவரே," என்று சட்டியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.