தொட்டிக்குள் இறக்கிய மெழுகுவர்த்தி

கல்லாறு பக்கம் எங்கள் பன்னிரண்டு வீட்டுக் கழிவுநீரும் ஒரே தொட்டியில்தான் சேரும். போன மாதம் அது அடைத்துக்கொண்டது. என் கணவர் திருநெல்வேலியில் கிணறு தூர் வாரியவர். கிணற்றுக்குள் மெழுகுவர்த்தியை இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் இறங்குவார். இங்கும் அதையே செய்தார். மூடியை நகர்த்திக் கொடுத்தது, புத்திகெட்ட நான்தான்.

சுடர் அணையவில்லை, நீலமாக நீண்டது.

"நல்லா எரியுது, பாத்தியா?" என்று குனிந்தார்.

"சேட்டா, வேண்டா! அது கிணறில்லை, கேஸ் தீப்பிடிச்சிரும்!" பக்கத்து வீட்டு மலையாளி ஷீபா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதே நொடியில் ஆளுயரத்துக்குத் தீ எழும்பியது. புருவம் கருகியதோடு தப்பினார்.

இப்போது கழிவுநீர் லாரி வந்தால்தான் அந்த மூடி திறக்கும். பூட்டுச் சாவி என் தாலிச் சங்கிலியில் தொங்குகிறது.