துண்டுக்கு வெளியே ஒரு விலை

கிடாவை ஒருமுறை தூக்கிப் பார்த்தாலே எத்தனை கிலோ கறி தேறும் என்று கலைமணி சொல்லிவிடுவாள். ஒன்பது வருடமாக அரூர்ப் பக்கத்து ஆட்டுச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறாள். ஆனால் தன் ஆடு என்ன விலைக்குப் போகிறது என்பதை ஒருநாளும் அவள் நேரில் அறிந்ததில்லை.

காரணம் ஒரு துண்டு. அந்தச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையை நீட்டினால் மேலே துண்டு விழும். அடியில் பிடிக்கிற ஒவ்வொரு விரலுக்கும் ஆயிரம். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி. பெண்ணின் விரலை ஊரறியப் பிடித்தால் மட்டும் மானம் போய்விடுமாம். பஸ் நெரிசலைச் சாக்கிட்டு இடிக்கும்போது போகாத மானம்!

அதனால் அவளுக்கு ஓர் ஆண் கை தேவைப்பட்டது. கணவர் கோவிந்தனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. அவருடைய தம்பி சென்றாயன் கை கொடுத்தான். துண்டிலிருந்து கையை எடுத்ததும், "எட்டுதான் அண்ணி, மார்க்கெட் டல்லு" என்பான். பணமும் தரகரிடமிருந்து அவன் கைக்கு வந்துதான் அவளிடம் வரும். நம்பவும் முடியாமல், கேட்கவும் முடியாமல் அவள் களைத்துப்போயிருந்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு கிடாக்களோடு வந்தவள், சென்றாயன் துண்டை உதறியதும் தடுத்தாள்.

"வேணாம் சென்றாயா. நானே பேசிக்கறேன்."

"உங்க கைய எவன் அண்ணி புடிப்பான்?"

செல்போனில் விலையை அடித்து, உள்ளங்கையால் மறைத்து, தரகர் குப்புராஜிடம் நீட்டினாள். "பாத்துட்டு உங்க வெலைய அடிச்சுக் குடுங்கண்ணா. வேற யாருக்கும் தெரியாது."

குப்புராஜ் போனைத் தொடவில்லை. "ஏம்மா, ஆடு விக்க வந்தியா, ரீசார்ஜ் பண்ண வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரகசியந்தானுங்க வேணும்? இதுலயும் ரகசியம் இருக்குதுல்ல?"

"ரகசியம் இருக்குது. மொறை இல்லயே."

இத்தனை வருடமும் ரகசியத்துக்காகத்தான் துண்டு என்றார்கள். ரகசியம் கெடாத வழி வந்ததும் அது முறையாகிவிட்டது. அநியாயத்தின் மடியில் எப்போதும் இன்னொரு காரணம் இருக்கும்.

வெயில் ஏறியது. அவளுக்கு முழங்கால் கடுத்தது. நாலு பேர் வந்து கிடாவின் முதுகை அமுக்கிப் பார்த்தார்கள். போனைப் பார்த்ததும் நகர்ந்தார்கள். சென்றாயன் டீக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவனைக் கூப்பிட்டுவிடலாமா என்று அவளுக்கு இரண்டு முறை தோன்றியது.

சந்தை கலையும் நேரத்தில் பென்னாகரத்துக் கறிக்கடைக்காரர் மாதையன் வந்தார். அவர் வண்டி பாதி காலியாக நின்றது. "எனக்கு ஞாயித்துக்கெழமைக்குக் கறி வேணுங்க்கா. குடுங்க அந்தப் போன."

உருப்படிக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு என்று அடித்திருந்தாள். அவர் ஒன்பது என்று அடித்தார். அவள் பத்து. அவர் ஒன்பதாயிரத்து எண்ணூறு அடித்து நீட்டினார். "இதுக்கு மேல கட்டாதுங்க."

ஆறும் வண்டி ஏறின.

போன வாரம் போனதும் இதே பட்டிக் கிடாக்கள், இதே எடை. எட்டு என்றான் சென்றாயன். ஒன்பது வருடத்தைப் பெருக்கிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"அத்தன பேரு முன்னால அசிங்கப்படுத்திட்டீங்களே அண்ணி" என்று சென்றாயன் வந்தான்.

"போன வாரம் துண்டுக்குள்ள எத்தன?"

"அது அன்னிக்கு மார்க்கெட்டு…"

"எத்தன சென்றாயா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணங்கிட்ட சொல்லிறாதீங்க."

"சொன்னா மட்டும்? என் தம்பிதான தின்னான்னுவாரு."

அந்தப் பக்கமாகப் போன குப்புராஜ் நின்றார். "அடுத்த வாரமும் போனத் தூக்கிட்டு வந்தா, ஒருத்தனும் வெலை கேக்க மாட்டான், பாத்துக்க."

"வருவேனுங்கண்ணா."

குரலில் வீம்பு இல்லை. அடுத்த செவ்வாயும் விடியுமுன் எழ வேண்டும், கிடா பிடிக்க வேண்டும், இதே ஆட்களுக்கு இதே நியாயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கலைமணி தரையில் உட்கார்ந்து, அவிழ்த்துப் போட்ட ஆறு கயிறுகளையும் ஒவ்வொன்றாகச் சுருட்டத் தொடங்கினாள்.