லாட்ஜ் ரூமில் பேசிய பேச்சு

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் பார் சுமந்தவன் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. சுமந்த அதே தோளை வைத்து சொந்தமாக ஐஸ் கம்பெனி கட்டினேன். லோன் கேட்டுப் போனபோது உட்காரச் சொல்லாத பேங்க் மேனேஜர், பின்னால் என் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் குப்பத்தில் முதல் மாடி வீடு என்னுடையது. உப்புக் காத்துக்குக் கம்பி துருப்பிடித்து வீடு விழுந்துவிடும் என்றார்கள். சுனாமி வந்து போனது, வீடு நிற்கிறது. என் ஐஸ் வண்டி போகாத மீன் மார்க்கெட் சிதம்பரத்திலும் இல்லை, அங்கே மேற்கே திட்டக்குடியிலும் இல்லை. இதையெல்லாம் செய்தவனுக்குப் படிப்பது கொஞ்சம் தடுமாறும். எழுதுவது இன்னும் தடுமாறும். ஆனாலும் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் நான் கட்டினதிலேயே பெரியது கம்பெனியும் இல்லை, வீடும் இல்லை. ஒரு கபடி டீம்.

சுனாமிக்கு மறு வருஷம் அது. படகெல்லாம் உடைந்து கரையில் கிடந்தது. கடலுக்குப் போகப் பயம், போனாலும் வலை இல்லை. வயசுப் பையன்கள் உடைந்த படகுகளுக்கு நடுவில் மணலில் கபடி ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் சும்மா நின்று பார்த்தேன். அதில் ஒருத்தன் கபடி கபடி என்று பாடிப் போகும்போது எதிராளிகள் அவன் காலைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழிப்பார்கள். கெண்டை மீன் மாதிரி நழுவுவான். அவன் அப்பா என்னோடு ஐஸ் சுமந்தவர். அவன் அம்மா பஸ்ஸில் கூடை ஏற்றிப் பண்ருட்டிப் பக்கம் போய் மீன் விற்பவர். அவனைத்தான் கேப்டன் ஆக்கினேன்.

வலைக் கயிறை மணலில் பதித்துக் கோடு போட்டது நான். விசில் வாங்கியது நான். தினமும் விடியற்காலையில் கம்பெனியில் உடைந்த ஐஸைச் சாக்கில் கட்டி எடுத்துப் போவேன். முட்டி வீங்கினால் ஐஸ், தோள் பிசகினால் ஐஸ். மற்ற டீம்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள், எங்கள் பையன்கள் மறுநாளே எழுந்து ஆடுவார்கள். இந்த ரகசியம் ஊரில் யாருக்கும் அப்போது தெரியாது.

பொங்கல் மேட்ச் ஒன்றில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அண்ணாகிராமம் பக்கத்தில் முந்திரித் தொழிற்சாலை வைத்திருந்தவர். அவரும் கபடிப் பைத்தியம். அவர் ஊர்ப் பக்கத்தில் இருந்து நல்ல கட்டுமஸ்தான பையன்களைக் கொண்டுவந்தார், பலாமரம் ஏறின கை, பிடித்தால் விடாது. எங்கள் பையன்கள் பாடப் போவார்கள், அவர் பையன்கள் பிடிப்பார்கள். அப்படித்தான் டீம் முழுசானது. பனியன் அவர் செலவு, முதுகில் அவர் கம்பெனிப் பெயர். வேன் அவருடையது. என்னை மச்சான் என்று கூப்பிடுவார், நானும் மச்சான் என்பேன். பலாப்பழக் காலத்தில் ஒரு வண்டி பலா வரும். நான் பதிலுக்கு வஞ்சிரம் அனுப்புவேன்.

அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிதம்பரத்தில் ஒரு டோர்னமெண்ட் ஜெயித்துவிட்டுப் பையன்களைப் பிச்சாவரம் கூட்டிப்போனோம். படகில் ஏறினதும் முந்திரிக்காரர் பக்கத்துப் பிடிகாரன், காளையையே மடக்குகிறவன், படகுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். எங்கள் பையன்கள் விடுவார்களா. வேண்டுமென்றே படகை ஆட்டினார்கள். "கோட்டத் தொட்டுட்டு வாடா மச்சான், கோடு தண்ணிக்கு அடியில இருக்கு" என்று கேப்டன் சொல்ல, அவன் கண்ணைத் திறக்காமலே வைதான். கரைக்கு வந்ததும் அவனே கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். முந்திரிக்காரரும் நானும் வேன் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு டீம் அதற்குப் பிறகு இந்த ஜில்லாவில் வரவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளையும் ஊருக்கு வரி கட்டுவான். வரி கட்டுகிறவன்தான் ஊர்க்காரன். பஞ்சாயத்தில் அவன் பேசலாம், திருவிழாவில் அவனுக்கு மரியாதை உண்டு. அதேபோல் அவன் தப்பு செய்தால் ஊர் கூட்டிக் கேட்கும். வெளியூரில் பிறந்தவருக்கு வரி கட்டும் உரிமை கொடுப்பது ரொம்ப அபூர்வம். முந்திரிக்காரருக்குக் கொடுத்தோம். அதற்கு ஊரில் பேசி ஒத்துக்கொள்ள வைத்ததும் நான்தான். மாசி மகத்தன்று எல்லோர் முன்னாலும் மாலை போட்டு, இனிமேல் இவர் நம்ம ஊர் வரிக்காரர் என்று நாட்டார் அறிவித்தார். நாட்டார் என்றால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். முந்திரிக்காரர் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் மறுபடி சிதம்பரத்தில் மேட்ச். முதல் நாள் ஆட்டத்தில் கேப்டனுக்கு நெற்றியில் அடி. முந்திரிக்காரர் தன் காரிலேயே அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தையல் போட்டார்கள். அதற்கு நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மறுநாள் காலை கீழ வீதிப் பக்கம் லாட்ஜ் ரூமில் அவரும் நானும் மட்டும் உட்கார்ந்து இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பையன்கள் தனியாக ஒரு சத்திரத்தில் இருந்தார்கள். அப்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"நேத்து அவனை ஏத்திக்கிட்டுப் போனதுல இருந்து கார் சீட்டு ஒரே கவிச்சி, மச்சான். டிரைவர பினாயில் ஊத்திக் கழுவச் சொல்லியிருக்கேன். இந்தக் குப்பத்து ஜனமே அப்பிடித்தான், பொறப்புலயே ஒட்டிக்கிட்டு வர்றது. ஆட வைக்கலாம், மெடல் போடலாம். வீட்டு வாசப்படி மட்டும் ஏத்தக் கூடாது."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்தார்.

"உங்களச் சொல்லல மச்சான். நீங்க கம்பெனி முதலாளி."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கொத்சு ஊற்றிக்கொண்டார். நான் எழுந்து கை கழுவினேன். அன்றைக்குச் சாயந்திரம் அரையிறுதி. பையன்கள் காதில் இது போனால் களத்தில் கால் ஓடாது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அரையிறுதி ஜெயித்தோம், ஃபைனலில் தோற்றோம். வேனில் திரும்பி வரும்போது அவர் முன் சீட்டில், நான் பின்னால் பையன்களோடு.

ஊருக்கு வந்ததும் நேராக நாட்டாரிடம் போய்ச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்டது கொஞ்சமா. என் சொந்த மருமகனே, சாப்பிடும்போது பேசியதை வெளியே கொண்டுபோகலாமா மாமா என்று கேட்டார். எல்லார் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டால் எல்லாரையும் பற்றிப் பேசத்தான் செய்கிறார்கள், அதற்கெல்லாம் தண்டனை என்றால் ஊரில் யார் மிஞ்சுவார்கள் என்றார். படித்தவர், பேச்சில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வலித்தது கேப்டன் கேட்டதுதான். போலீஸ் டீமில் சேர்ந்து வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது அவன் கனவு. அதற்குச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன் என்று முந்திரிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அவன் கம்பெனி வாசலில் வந்து நின்றான். நெற்றியில் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

"ஏன் மாமா சொன்னீங்க? எங் காதுல விழாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருந்திருப்பேன். வேலையும் கெடச்சிருக்கும்."

அவர் உன்னைப் பற்றிச் சொன்னார், அது உனக்குத் தெரிய வேண்டாமா என்றேன். தெரிஞ்சி இன்னா பண்றது என்று கேட்டுவிட்டுப் போனான். அன்று பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்றாலும் நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. வரிக்காரர் என்பதால் முந்திரிக்காரருக்கும் ஆள் போனது. அவர் வராமல் இருந்திருக்கலாம். அவர் இடம் பண்ருட்டிப் பக்கம், எங்கள் ஊர் அவரை என்ன செய்துவிட முடியும். ஆனாலும் வந்தார். மாசி மகத்தில் போட்ட மாலையை அவர் மறக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். சொன்னதை மறுக்கவும் இல்லை. மேடையிலா பேசினேன், பேப்பரிலா போட்டேன், நாலு சுவத்துக்குள்ளே ஒரு நண்பரிடம் சொன்னது, இவ்வளவு செய்த என்னை இதற்காக நிறுத்துவது நியாயமா என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். வேனும் பனியனும் எல்லோர் கண்ணிலும் தெரிந்தது.

எங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் ஓரமாகத்தான் நிற்பார்கள். அங்கிருந்து கேப்டனின் அம்மா பேசினார். சத்தம் போடவில்லை.

"மைக்குல பேசறது மைக்குக்கு, சாமி. வீட்டுல பேசறதுதான் நெசம். ஒங்க தெருவுலதான் இத்தன வருசமா மீன் விக்கிறேன். எங் கூடையில இருக்கிற மீன் ஒங்க அடுப்பு வரைக்கும் போவுது. அப்ப கவிச்சி தெரியலியா?"

முந்திரிக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு, ஊர் சொல்லுகிற அபராதத்தைக் கட்டிவிடுகிறேன் என்றார்.

நாட்டார் வேண்டாம் என்றார். காசை வாங்கினால், காசு கட்டிவிட்டு என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிடும் என்றார். அவர் சொன்ன தீர்ப்பு இது: ரூமுக்குள்ளே பேசினதற்கு ரோட்டில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். வீட்டைப் பற்றிச் சொன்னார், வீட்டிலேயே சரி செய்யட்டும். டீம் பையன்களை முன் வாசல் வழியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வேளைச் சோறு போடட்டும். போடும் வரைக்கும் அவரிடம் ஊர் வரி வாங்காது, பனியனில் அவர் பேர் இருக்காது.

இதைவிட லேசான தண்டனை ஏதாவது உண்டா சொல்லுங்கள். பெரிய பெரிய டீம் முதலாளிகள் தனியாக ஏதாவது உளறி மாட்டிக்கொண்டால் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பேசின மனுஷனைப் பேச்சு பட்டவர்கள் முன்னால் நிறுத்து. காசு வாங்காதே. அவன் மூடின கதவைத் திறக்கச் சொல். தனியாகச் சொன்னதுதானே என்பவர்களிடம் நான் கேட்கிறேன், தனியாகச் சொன்ன வாக்கை நம்பித்தானே அந்தப் பையன் வேலைக்குக் காத்திருந்தான்? நல்லது தனியாகச் சொன்னால் செல்லும், கெட்டது தனியாகச் சொன்னால் செல்லாதா?

முந்திரிக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு மாசம் பார்த்தோம். கூப்பிடவில்லை. வேன் வருவது நின்றது. அவர் பக்கத்துப் பையன்களையும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் படகில் கண்ணை மூடின பிடிகாரன் மட்டும் பஸ் ஏறி வந்துவிட்டான். "மொதலாளி வேற, ஆட்டம் வேற மாமா" என்றான்.

அந்த வருஷம் என் ஐஸ் கம்பெனி பேர் போட்ட பனியன். சிதம்பரத்துக்கு என் ஐஸ் வண்டியிலேயே போனோம். மூடின வண்டி, உள்ளே குளிரும், மீன் வாசம் வேறு. கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்துக்கொண்டு, வழி நெடுகப் பையன்கள் பாட்டுப் பாடினார்கள். களத்தில் இறங்குமுன் கேப்டன் தன் பனியனை மோந்து பார்த்துவிட்டு எதிர் டீமைப் பார்த்து, "கிட்ட வராதீங்கடா, கவிச்சி" என்றான். எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பில் ரெஃப்ரியே விசில் ஊத மறந்துவிட்டார். அன்று அவன் ஆடின ஆட்டத்தை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். கப் கிடைக்கவில்லை. போலீஸ் வேலையும் கிடைக்கவில்லை. இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான். என் கம்பெனியில்தான் ஐஸ் எடுக்கிறான். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுப்பதில்லை.

2012-ல் எங்கள் ஆட்ட மைதானத்துக்குக் கேலரி கட்டினார்கள். கமிட்டியில் எல்லாம் புதுப் பையன்கள். முந்திரிக்காரர் பெரிய நன்கொடை கொடுத்தார். கல்வெட்டில் 'அணியின் நிறுவனர்' என்று அவர் பெயரை வெட்டி, பொன்னாடை போர்த்தி, மைக்கில் புகழ்ந்தார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டதற்குக் கமிட்டிக்காரர் ஒருவர், நீங்கதானே மாமா அவரைக் காட்டிக்கொடுத்து டீமை உடைச்சது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

டீம் உடையவில்லை. நான் சொன்னதால்தான் அது யாருக்கும் தலை குனியாத டீம் ஆனது. முந்திரிக்காரர் பெயரைக் கல்லில் இருந்து எடுக்கச் சொல்லவில்லை, வேன் கொடுத்தார், பனியன் கொடுத்தார், அது உண்மை. ஆனால் நிறுவனர் நான். கல்லில் என் பெயரை அவர் பெயருக்கு மேலே வெட்ட வேண்டும். பெயரோடு நிறுத்தக் கூடாது. லாட்ஜ் ரூமில் கேட்டதை ஊருக்குச் சொன்னவர் என்றும் அதன் கீழே வெட்ட வேண்டும். கல் வெட்டுகிற கூலி நான் கொடுக்கிறேன், கமிட்டி நாள் மட்டும் சொல்லட்டும்.